கொஞ்சம், அதைவிடக் கொஞ்சம்

வல்பராய்சோவில் சாலை கீழே, வீடுகள் மேலே.
நடுவில் படிகள்.
என் படிகள் முந்நூற்றுப் பதினெட்டு.
எண்ணியது நானில்லை, என் இடது தோள்.
நாற்பத்தைந்து கிலோ எரிவாயு, இரும்பின் எடை தனி.
இருபத்தாறு வருடம்
இந்தக் குன்றின் அடுப்புகளுக்கு நெருப்பு சுமந்தவன்.

மார்ச்சில் ஒரு காலை சிலிண்டர் எதையும் தூக்கவில்லை.
சாக்ஸ் ஒன்று கீழே விழுந்தது, குனிந்தேன்.
அவ்வளவுதான்.
தரை என்னை வைத்துக்கொண்டது.

இப்போது செவ்வாயும் வெள்ளியும்
நகராட்சி மருத்துவமனையின் நீலப் பாயில்
மல்லாந்து கிடக்கிறேன்.
கூரையில் ஈரக்கறை,
பார்க்கப் பார்க்க நாக்கு நீட்டிய நாய்.
யஸ்னா என் இடுப்புக்கடியில் ஒரு காற்றுப்பையைச் செருகுகிறாள்.
குழாய் முனையில் கடிகாரம்போல் ஒரு முகம்,
முள் நாற்பதில்.
"முதுகும் அசையக்கூடாது, முள்ளும் அசையக்கூடாது.
தொப்புளை மெல்ல உள்ளே வாங்குங்கள், நோல்பெர்தோ."

வாங்கினேன்.
முள் எழுபதுக்குத் துள்ளியது.
மூச்சைப் பிடித்து, தாடையைக் கடித்து,
பிட்டத்தையும் துணைக்கு அழைத்திருந்தேன்.
"இது சிலிண்டர் இல்லை. கொஞ்சம்."
இறுக்கினேன்.
"அதைவிடக் கொஞ்சம்."
இறுக்கினேன்.
"அதையும்விட."

முதலாளி, மழை, கூலி, படி
எல்லாம் என்னிடம் 'இன்னும்' என்ற ஒரே சொல்லைப் பேசின.
குறைவாகத் தர எனக்குத் தெரியவில்லை.
ஐம்பத்தொரு வயதில் அதற்கு வெட்கமாக இருந்தது.

இடுப்பெலும்பின் முனையிலிருந்து
இரண்டு விரல் உள்ளே வைத்துத் தேடச் சொன்னாள்.
ஆழத்தில் ஒரு தசை, கச்சைபோல் சுற்றி வருமாம்.
கை எழுமுன் அது எழுந்திருக்க வேண்டுமாம்.
என்னுடையது பிந்தி வருகிறது,
சோபாவை மாடியேற்றி வைத்த பிறகு
'உதவட்டுமா' என்று கேட்கும் மைத்துனன்போல.

ஒரு சாண் வயிற்றுக்காகத்தான் இத்தனை படியும்.
அந்த வயிறோ
இத்தனை வருடத்தில் ஒரு நாளும் வேலைக்கு வரவில்லை.

பக்கத்துப் பாயில் எதெல்வினா.
அவள் குழந்தைக்கு மூன்று மாதம்.
எழ முயன்றால் வயிற்றின் நடுவே
சிறு கூடாரம் எழும்;
சுவர் இரண்டு விரல் அகலம் பிரிந்திருக்கிறது.
கவிழ்ந்த வண்டாக
வலக்கையும் இடக்காலும் நீட்டுவாள், மடக்குவாள்,
வாய்க்குள் யாரையோ திட்டியபடி.
நாங்கள் ஒருவர் வயிற்றை ஒருவர் பார்ப்பதில்லை.
எண்ணுவதை மட்டும் கேட்டுக்கொள்வோம்.

ஆறாவது வாரம், வெள்ளி, பதினொன்று இருபது.
நிலம் நடுங்கியது.
பெரிதல்ல. சன்னல்கள் பல் நறநறத்தன,
விளக்கு ஆடி நின்றது.
இந்த ஊரில் இதற்குப் பேச்சைக்கூட நிறுத்தமாட்டோம்.
ஆனால் என் விரல்களுக்கடியில் யாரோ வந்திருந்தார்கள்.
நான் அழைக்கவில்லை.
பயம் வருமுன், கை பாயைப் பற்றுமுன்,
தொய்ந்த கொடிக்கயிறு மெல்ல விறைப்பதுபோல் ஓர் இறுக்கம்.
முள் நாற்பதில்.
சரி, நாற்பத்திரண்டு.

"யஸ்னா, வந்துவிட்டது!"
"அதேதான். விடாதீர்கள்.
மூச்சை மட்டும் விடுங்கள்."

விட்டேன். போகவில்லை.
ஒன்பதுவரை எண்ணினேன், பிறகு போயிற்று.
"இன்னொரு முறை?"
"நிலத்தை என்னால் ஏற்பாடு செய்ய முடியாது."
எதெல்வினா சிரித்தாள்,
சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

கிடங்கில் இன்னும் தூக்க விடவில்லை, ரசீது எழுதுகிறேன்.
பையன்கள் காலிச் சிலிண்டரைச் சாவியால் தட்டினால்
குன்றே திரும்பிப் பார்க்கும்.
நிறைந்ததைத் தட்டினால் 'தொம்',
பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும்.
மேசைக்கடியில் இரண்டு விரல் வைத்துப் பார்க்கிறேன்.
சில நாள் தொம்.
சில நாள் ஒன்றுமில்லை.

நேற்று பேனா கீழே விழுந்தது.
குனியுமுன் ஒரு நொடி நின்றேன்.
முதலில் அது வந்தது.
பிறகு நான் குனிந்தேன்.